எம்ஜிபி காரின் முன் சஸ்பென்ஷன் புஷ்: முதல்முறை மாற்றுபவருக்கு

பிரேக்கை மிதித்தால் முன்பக்கத்திலிருந்து ‘டொக்’. காலை எடுத்தால் இன்னொரு ‘டொக்’. நேர்ச்சாலையில் ஸ்டியரிங்கை அசைக்காமல் பிடித்திருந்தாலும் வண்டி லேசாக அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போய்வரும். 1972ஆம் வருட எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை வாங்கி இங்கிலாந்தில் என் வீட்டு வாசலில் நிறுத்திய புதிதில், பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு வருடம் ஓட்டினேன். கடைசியில் ஒருநாள் கீழே படுத்துப் பார்த்தால், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மின் உள்முனையில், ரப்பர் புஷ் (மூட்டில் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே மெத்தை போல் இருக்கும் வளையம்) இருக்கவேண்டிய இடத்தில் கருப்பாக, பிசுபிசுவென்று ஏதோ பிதுங்கிக்கொண்டிருந்தது.

புஷ்ஷின் விலை ஒன்றும் பெரிதில்லை. அதை மாற்றுவதற்கு ஸ்பிரிங்கையே கழற்றி எடுக்கவேண்டும், அதுதான் விஷயம். இந்த வேலையை நான் இரண்டு தடவை செய்திருக்கிறேன். இரண்டாவது தடவை செய்ய நேர்ந்ததே முதல் தடவை நான் செய்த ஒரு தப்பால்தான். அது எது என்று அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

எது எங்கே இருக்கிறது

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்ட வண்டி. இன்றைக்கும் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. அதன் முன் சஸ்பென்ஷன் அமைப்பு வண்டியைவிடப் பழையது. மினி காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் இளைஞராக இருந்தபோது போட்ட கணக்கு. 1947இல் எம்ஜி கம்பெனியின் ஒய் டைப் காரில் வெளிவந்து, டிடி, டிஎஃப், எம்ஜிஏ என்று வழிவழியாக வந்தது. ஆகவே இதில் கைபழகிவிட்டால் அந்த வண்டிகளும் அந்நியமாகத் தெரியாது.

என்ஜினுக்கு அடியில் குறுக்காக ஓடும் கனமான இரும்புதான் கிராஸ்மெம்பர். அதன் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக, பிவட் தண்டு நான்கு போல்ட்டில் பூட்டியிருக்கும். தண்டின் முன்முனையில் ஓர் ஆர்ம், பின்முனையில் ஓர் ஆர்ம். இரண்டும் வெளிப்பக்கமாக வந்து, கிங்பின்னின் (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் செங்குத்துத் தண்டு) அடியில் ஒரே நீள போல்ட்டில் சேரும். இரண்டு ஆர்முக்கும் நடுவே ஸ்பிரிங் உட்காரும் தட்டு. மேலே தனியாக ஆர்ம் எதுவும் கிடையாது. லீவர் வகை ஷாக் அப்சார்பரின் கைதான் மேல் ஆர்ம் வேலையையும் பார்க்கிறது.

ஒவ்வொரு லோயர் ஆர்மின் உள்முனையிலும் ஒரு வளையம் இருக்கும். அதற்குள் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று விளிம்பு வைத்த இரண்டு அரைப் புஷ்கள். பக்கத்துக்கு 4, வண்டிக்கு 8. ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது இந்த ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்கிறது. என்ஜின் ஆயில் ஒழுகும் வண்டி என்றால் (ஒழுகாத எம்ஜிபியை நான் பார்த்ததில்லை) அந்த ஆயில் நேராக இதன்மேல்தான் சொட்டும். இயற்கை ரப்பருக்கு ஆயில் ஆகாது. ஊறி, உப்பி, கூழாகிவிடும்.

புஷ்தான் காரணமா என்று பாருங்கள்

முன்பக்கம் சத்தம் வந்தால் எல்லாப் பழியையும் புஷ்மேல் போட்டுவிடக்கூடாது. முன்சக்கரத்தைத் தூக்கி, மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டிப்பாருங்கள். ஆட்டம் இருந்தால், வீட்டில் யாரையாவது கூப்பிட்டு பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். இப்போது ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங். பிரேக் பிடித்த பிறகும் ஆடினால் கிங்பின் அல்லது அதன் மேல், கீழ் இணைப்புகள்.

புஷ்ஷுக்கு வேறு சோதனை. வண்டியைத் தரையில் நிறுத்தி, டார்ச் அடித்து லோயர் ஆர்மின் உள்முனையைப் பாருங்கள். வளையத்துக்கு நடுவில் தண்டு இருக்கவேண்டும். ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டும் மறுபக்கம் இடைவெளியோடும் இருந்தால் ரப்பர் போய்விட்டது. ஆர்முக்கும் கிராஸ்மெம்பருக்கும் நடுவே ஒரு கடப்பாரை முனையை விட்டு நெம்பினாலும் தெரியும்: நல்ல புஷ் கொஞ்சம் கொடுத்துவிட்டு உடனே திரும்பும், போன புஷ் ‘டக்’கென்று இரும்பில் இடிக்கும். முன் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அதுவும் ஓர் அடையாளம்; ஆனால் அதற்கு வேறு காரணங்களும் உண்டு.

எந்தப் புஷ் வாங்குவது

மூன்று வகை கிடைக்கிறது. முதலாவது பழைய மாதிரி அரைப் புஷ். விலை குறைவு, கையாலேயே உள்ளே போய்விடும். ஆனால் இப்போது வரும் ரப்பரின் தரம் ஒரே மாதிரி இல்லை. சில மாதத்திலேயே வெடித்துப்போனதும் உண்டு.

இரண்டாவது, வி8 புஷ். 1973 முதல் 1976 வரை 2,591 வண்டிகள் மட்டும் வந்த எம்ஜிபி ஜிடி வி8 மாடலுக்காகப் போட்டது. உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்புக் குழாய், நடுவில் ஒட்டவைத்த ரப்பர். அரையும் பாதியும் இல்லாமல் வளையத்துக்கு ஒன்று, வண்டிக்கு 4. சாதாரண எம்ஜிபியின் ஆர்மிலும் அப்படியே பொருந்தும்.

மூன்றாவது பாலியூரித்தேன். ஆயிலுக்கு அசராது, நீண்ட நாள் வரும். ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லையும் ஸ்டியரிங்கில் சொல்லும். கிரீஸ் காய்ந்தால் கட்டில் மாதிரி கிறீச்சிடும். பந்தயத்துக்கு ஓட்டுபவர்கள் வாங்கட்டும். நான் வி8 புஷ்தான் போட்டிருக்கிறேன், புதிதாகச் செய்பவருக்கும் அதையே சொல்வேன்.

புஷ் வாங்கும்போதே கூடவே வாங்கிவிட வேண்டியவை: ஸ்பிளிட் பின்கள் (நட்டு கழலாமல் பூட்டும் கம்பிகள்), கிங்பின்னின் கீழ் போல்ட் செட் (போல்ட், அதன்மேல் போகும் டிஸ்டன்ஸ் டியூப் என்ற குழாய், த்ரஸ்ட் வாஷர்கள், ரப்பர் சீல்கள்), மேல் டிரன்னியன் (கிங்பின்னின் மேல்முனையை ஷாக் அப்சார்பர் கையோடு சேர்க்கும் மூட்டு) புஷ் நான்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாம் பிரித்துப்போட்ட பிறகு ஒரு போல்ட்டுக்காகத் தபாலை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதைப் போன்ற வேதனை வேறில்லை.

கருவிகளில் ஒரு விஷயம். இந்த வண்டி முழுக்க இஞ்ச் நட்டு. எம்எம் ஸ்பானர் பொருந்துவது போல் இருக்கும், முறுக்கினால் நட்டின் முனை மழுங்கிவிடும். இஞ்ச் ஸ்பானரும் சாக்கெட்டும் ஒரு செட், டிராலி ஜாக்கி, நல்ல கனமான ஆக்சில் ஸ்டாண்டு இரண்டு, டார்க் ரெஞ்ச் (சொன்ன விசை அளவுக்கு முறுக்க உதவும் ஸ்பானர்), இரண்டு சுத்தியல், ஒரு வைஸ், ஹாக்சா, மூன்று நான்கு அடி நீளத்தில் தடித்த சங்கிலி. துரு இளக்கும் எண்ணெயை மூன்று நாள் முன்பிருந்தே தினம் ஒருமுறை எல்லா நட்டிலும் அடித்துவாருங்கள்.

கழற்றுவது

சமதளமான சிமெண்ட் தரை வேண்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே இளக்கிக்கொள்ளுங்கள். கம்பிச் சக்கரம் என்றால் நடுவில் இருக்கும் ஸ்பின்னரைச் செம்புச் சுத்தியலால் தட்டவேண்டும். ஜாக்கியைக் கிராஸ்மெம்பரின் நடுவில் வைத்துத் தூக்கி, கிராஸ்மெம்பருக்குப் பின்னால் சேஸி தண்டின் கீழே இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வையுங்கள். தூக்கிய பிறகு வண்டியைப் பிடித்து நன்றாக உலுக்குங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் அடியில் போவதற்கு முன்பே விழட்டும்.

சக்கரத்தை எடுத்ததும் பிரேக் கேலிப்பரைக் கழற்றுங்கள். இரண்டு போல்ட், மடித்துவிட்ட லாக் வாஷர். பிரேக் ஆயில் குழாயைத் தொடவேண்டாம். கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் மேலே கட்டிவையுங்கள். ஆன்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) இருந்தால் அதன் இணைப்பை ஆர்மிலிருந்து பிரியுங்கள். அப்புறம் டை ராடு எண்ட், அதாவது ஸ்டியரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டு. நட்டை எடுத்துவிட்டு, ஸ்டியரிங் ஆர்மின் கண்ணுக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டக்கொடுத்து மறுபக்கம் ஓங்கி ஒரு அடி போட்டால் பட்டென்று விழும். போல்ட்டின் மரையில் அடிக்கக்கூடாது.

இப்போது ஸ்பிரிங். அவசரப்படுபவர்கள் இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். வண்டியின் ஒரு முன்மூலையின் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் அது. சக்கரம் தொங்கும் நிலையிலும் முழுக்க விரிந்திருக்காது, உள்ளே ஏகப்பட்ட விசை மிச்சமிருக்கும். அந்த விசையை இப்போது பிடித்துவைத்திருப்பது மேலே டிரன்னியனில் இருக்கும் ஒரே ஒரு போல்ட்.

ஜாக்கியை ஸ்பிரிங் தட்டின் நடுவில், ஒரு மரக்கட்டை கொடுத்து வையுங்கள். சங்கிலியை ஸ்பிரிங்கின் சுருள்களுக்குள் விட்டுக் கிராஸ்மெம்பரைச் சுற்றிக் கட்டுங்கள். கொஞ்சம் தளர்வாக இருக்கலாம், ஆனால் ஸ்பிரிங் பறந்து வெளியே வரமுடியாத அளவு இருக்கவேண்டும். ஜாக்கியை மெல்ல ஏற்றுங்கள். வண்டி ஸ்டாண்டிலிருந்து கிளம்பப் பார்க்கும் நேரத்தில் நிறுத்துங்கள். என்ஜின் வெளியே எடுத்துவைத்திருக்கும் வண்டியில் இந்த முறை நடக்காது. எடை போதாமல் ஸ்பிரிங் அமுங்குவதற்குப் பதில் வண்டிதான் மேலே போகும்.

மேல் டிரன்னியனின் ஸ்பிளிட் பின்னையும் நட்டையும் எடுத்து, போல்ட்டைத் தட்டி வெளியே தள்ளுங்கள். பாரம் ஜாக்கியில் சரியாக உட்கார்ந்திருந்தால் லேசாகத் தட்டினாலே நகரும். முரண்டுபிடித்தால் ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள், ஓங்கி அடிக்காதீர்கள். போல்ட் வந்ததும் ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) வெளிப்பக்கம் சாய்த்துவிட்டு, ஜாக்கியின் வால்வை முடியளவு திறந்து இறக்குங்கள். நீங்கள் வண்டிக்கு முன்னால் இருங்கள், ஸ்பிரிங்குக்கு எதிரே வேண்டாம். தட்டு இறங்க இறங்க ஸ்பிரிங் நீண்டு, கடைசியில் கையால் எடுக்கிற மாதிரி தளர்ந்துவிடும். எடுத்து, இடமா வலமா என்று சாக்பீஸால் எழுதிவையுங்கள்.

அந்த நீள போல்ட்

கிங்பின்னின் அடியில் இரண்டு ஆர்மையும் சேர்க்கும் போல்ட் இருக்கிறதே, இந்த வேலையில் ஆட்களை அழவைப்பது அதுதான். கிரீஸ் காணாத வண்டியில் அது உள்ளே இருக்கும் டிஸ்டன்ஸ் டியூப்போடு துருப்பிடித்து ஒன்றாகியிருக்கும். நட்டு வந்துவிடும், போல்ட் வராது. ஆர்ம் இரண்டும் பிவட் தண்டிலிருந்து எதிரெதிர்த் திசையில் உருவவேண்டியவை என்பதால், இந்தப் போல்ட்டை எடுக்காமல் மேலே நகரமுடியாது.

என் வண்டியில் வலது பக்கம் ஐந்து நிமிடத்தில் வந்தது. இடது பக்கம் ஒரு முழு மாலை. சூடு காட்டினேன், எண்ணெய் விட்டேன், நட்டைப் பாதி மாட்டிவைத்து அதன்மேல் அடித்தேன். போல்ட்டின் முனை காளான் மாதிரி விரிந்ததுதான் மிச்சம். பிறகு கிங்பின்னுக்கும் ஆர்முக்கும் நடுவே இருக்கும் ரப்பர் சீல் இடுக்கில் ஹாக்சா பிளேடை விட்டு, இரண்டு பக்கமும் அறுத்தேன். புதுப் போல்ட் செட் கையில் இருந்ததால் மனசு வலிக்கவில்லை. இந்த நிலை வந்தால் அரை மணி நேரத்துக்குமேல் போராடாதீர்கள், அறுத்துவிடுங்கள். பிளேடு ஆர்மையோ கிங்பின் முகத்தையோ தின்னாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அது வந்ததும் ஹப்பும் கிங்பின்னும் தனியாகக் கையில் வந்துவிடும், நல்ல கனம். ஸ்பிரிங் தட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, பிவட் தண்டின் இரு முனையிலும் உள்ள ஸ்பிளிட் பின், நட்டு, பெரிய வாஷரை எடுத்தால் ஆர்ம்கள் உருவிக்கொண்டு வரும். வந்த வரிசையிலேயே எல்லாவற்றையும் ஒரு பழைய துணியில் அடுக்கிப் படம் பிடித்துவையுங்கள்.

புதுப் புஷ் போடும் முன்பு மூன்றைப் பாருங்கள். பிவட் தண்டில் விரலை ஓட்டுங்கள். ரப்பர் போய் இரும்பும் இரும்பும் உரசியிருந்தால் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கும். அதில் புதுப் புஷ் போடுவது வீண், தண்டையும் மாற்றுங்கள். ஆர்மில் போல்ட் துளைகள் வட்டமாகவே இருக்கின்றனவா, நீண்டுவிட்டனவா? ஸ்பிரிங் தட்டில் தண்ணீரும் சேறும் தேங்கும். சுரண்டி, சுத்தியலால் தட்டிப்பாருங்கள். விரிசல் இருந்தால் வெல்டிங் வேண்டாம், வேறு தட்டு வாங்குங்கள்.

பூட்டுவது

வளையத்தின் உள்ளே துருவை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தமாக்குங்கள். அரைப் புஷ் என்றால் சோப்புத் தண்ணீர் தடவிக் கட்டைவிரலால் அழுத்தினால் போதும். கிரீஸோ ஆயிலோ தடவாதீர்கள், மறுபடி கூழாகும். வி8 புஷ்ஷை வைஸில் வைத்து அழுத்தவேண்டும். ஒரு பக்கம் புஷ்ஷின் வெளிக்குழாய் அளவுக்கே ஒரு சாக்கெட், மறுபக்கம் புஷ் நுழையும் அளவுக்குப் பெரிய சாக்கெட், நடுவில் ஆர்ம். நேராகப் போகிறதா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் பாருங்கள். கோணலாகத் தெரிந்தால் வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். கோணலை அழுத்தி நேராக்க முடியாது. முடிந்தபோது இரண்டு பக்கமும் சமமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கவேண்டும்.

ஆர்ம்களைத் தண்டில் மாட்டி, வாஷர் போட்டு, நட்டைக் கையால் முறுக்கும் அளவோடு விடுங்கள். ஸ்பிரிங் தட்டின் போல்ட்டுகளும் இப்போதைக்குத் தளர்வாகவே இருக்கட்டும். கிங்பின்னை டியூப், வாஷர், சீலோடு நடுவில் வைத்து, புதுப் போல்ட்டில் நன்றாகக் கிரீஸ் தடவிச் செலுத்தி, வண்டியின் பட்டறைக் கைநூலில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். முறுக்கிய பிறகும் கிங்பின் அந்த டியூப்பின்மேல் தாராளமாக ஆடவேண்டும். இறுகினால் வாஷர் வரிசை தவறியிருக்கிறது. அதற்குப் பிறகு தட்டின் போல்ட்டுகளை இறுக்கலாம். ஸ்பிரிங், சங்கிலி, ஜாக்கி, டிரன்னியன் போல்ட், டை ராடு எண்ட், கேலிப்பர்: கழற்றியதன் தலைகீழ் வரிசை.

கடைசி முறுக்கு

முதல் தடவை நான் தப்பு செய்த இடம் இதுதான். வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே, வசதியாக இருக்கிறது என்று உள்முனை நட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கி, ஸ்பிளிட் பின் போட்டு, கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டேன். ஓட்டும்போது வண்டி சற்று உயரமாக நின்றது. புதுப் புஷ், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அந்தக் கோடை முடிவதற்குள் பழைய ‘டொக்’ திரும்பிவந்தது. பிரித்துப் பார்த்தால் நான்கு புஷ்ஷிலும் ரப்பர் இரும்பைவிட்டுக் கிழிந்திருந்தது.

வி8 புஷ்ஷில் நட்டை இறுக்கியதும் உள்குழாய் தண்டோடு பிடித்துக்கொள்ளும். வெளிக்குழாய் ஆர்மோடு நகரும். நடுவில் இருக்கும் ரப்பர் அதற்கேற்ப முறுக்கிக்கொள்ளும். வண்டி தூக்கியிருக்கும்போது ஆர்ம் கீழ்நோக்கித் தொங்குகிறது. அந்த நிலையில் இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய நொடியிலேயே ரப்பர் பாதி முறுக்கில் இருக்கிறது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் மீதி முறுக்கும் ஏறும். எவ்வளவு நாள் தாங்கும்?

ஆகவே, சக்கரத்தை மாட்டி, டயருக்குக் கீழே தடித்த பலகைகளை அடுக்கி, வண்டியின் பாரம் முழுவதையும் சக்கரத்தில் இறக்குங்கள். ஸ்டாண்டுகளை எடுத்துவிட வேண்டாம், ஓர் அங்குலம் தள்ளிப் பாதுகாப்புக்கு அங்கேயே நிற்கட்டும். முன் பம்பரை நான்கைந்து தடவை அமுக்கி அமுக்கி விடுங்கள். இப்போது அடியில் போய் நான்கு உள்முனை நட்டுகளையும் இறுக்குங்கள். ஸ்பிளிட் பின் துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் முன்னே முறுக்குங்கள், பின்னால் தளர்த்தக்கூடாது. பாலியூரித்தேன் வகை தன் உள்குழாய்மேல் சுழலக்கூடியது என்பதால் அதற்கு இந்த விதி அவ்வளவு கட்டாயமில்லை.

கிங்பின்னில் பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) உண்டு. பழைய கிரீஸ் பிதுங்கிப் புதுசு எட்டிப்பார்க்கும்வரை அடியுங்கள். அடுத்த ஆள் அந்த நீள போல்ட்டை அறுக்காமல் எடுப்பது இதைப் பொறுத்தது. பெரும்பாலும் அந்த அடுத்த ஆள் நீங்களேதான்.

வீல் அலைன்மென்ட் பார்க்கும் கடையில் டோ இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 1/16 முதல் 3/32 அங்குலம் என்று சொல்லுங்கள், அதாவது சுமார் 1.5 முதல் 2.3 மில்லிமீட்டர். கேம்பரும் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) காஸ்டரும் (கிங்பின்னின் முன்பின் சாய்வு) இந்த வண்டியில் மாற்றியமைக்க வழியில்லாதவை. அதற்கும் காசு கேட்டால் கொடுக்கவேண்டாம். ஒரு நூறு மைல் ஓட்டிய பிறகு மறுபடி அடியில் படுத்து, ஸ்பிரிங் தட்டின் போல்ட்டுகளிலும் கேலிப்பர் போல்ட்டுகளிலும் ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். எனக்கு ஒரு போல்ட் இன்னும் கால் சுற்று இறுகியது.